மலையேறி வந்த ஆலா

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

நேற்று நாற்றுப்பண்ணையில் களை பறித்துக்கொண்டிருந்தேன். விரல் உயரம் வளரவே பத்து வருடம் எடுக்கும் மலைச்செடிகளின் நடுவில், நம் கடற்கரையில் மீன் கொத்தும் ஆலாப் பறவை ஒன்று சிறகு நனைந்து உட்கார்ந்திருந்தது.

"காத்துல வழி தவறி வந்திருக்கும் பாட்டி, வேலையைப் பாரு" என்றான் மேஸ்திரி.

"வழி தவற அது என்ன நீயா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலில் பெருங்காற்று அடித்தால்தான் ஆலா இத்தனை உயரம் ஏறும்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, "ஆலா ஊருக்குள்ள வருது, போகாதீங்க" என்று கெஞ்சினேன். உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டுப் படகைத் தள்ளினீர்கள். நீங்கள் திரும்பும்வரை மூன்று நாள் கரையில் நின்றேன். அவரை இன்னும் மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் நீங்கள் திருந்தியிருக்க மாட்டீர்கள்.

ஆலா இன்று காலை பறந்துவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை. முட்டிவலிக்கு, நம் கரை மணலில் படரும் அடம்பங்கொடி இலை மட்டும் காயவைத்து உடனே அனுப்புங்கள். பேரனைப் பறிக்கச் சொல்லாதீர்கள், அவன் கொடியோடு பிடுங்குவான். நீங்கள்தான் ஒவ்வொரு இலையாகக் காம்போடு நகத்தால் கிள்ளுவீர்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் நீங்கள் கரையில் இருப்பது எனக்குத் தெரிந்துவிடும்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் வீட்டுக்காரி