மதுரை போய்த் திரும்பிய வழி

14.7.99, புதன்

காலை ஒன்பது மணிக்குத் திருச்சுழி குடோனோடு தொடர்பு அறுந்துபோனது. அருப்புக்கோட்டை மில்லில் எல்லோரும் பதறினார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை.

எங்கள் பழைய நெட்வொர்க்கையும் மதுரை ஹெட் ஆபீஸின் புதிய நெட்வொர்க்கையும், தகவலுக்கு வழிகாட்டும் இரண்டு ரௌட்டர்கள் இணைக்கின்றன. குடோனுக்கான வழியை ஒன்றின் மூலம் நாங்கள் மதுரைக்குச் சொல்கிறோம். அது மற்றொன்றின் மூலம், மதுரையே கண்டுபிடித்த வழிபோல எங்களிடமே திரும்பி வருகிறது. எங்கள் ரௌட்டர் அதை நம்பினால், குடோனுக்குப் போகவேண்டிய தகவல் மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே சாகும்வரை சுற்றும். வெளியே அனுப்பும் வழிக்கு ஓர் அடையாள எண் போட வேண்டும். அந்த எண்ணோடு திரும்பி வந்தால் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்பே இதைத் தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

"இப்ப ஓடுதுல்ல தம்பி, பெறகு பாப்போம்" என்றார்.

மதியம் மதுரை இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். "ஒங்க மேனேஜரே கண்டுபிடிச்சு எழுதி அனுப்பியிருக்காக. நீங்க இதக்கூடப் போடாம விட்டுட்டீகளேப்பா. வாசிக்கேன், எழுதிக்கோங்க."

வரிக்கு வரி என்னுடையது. அடையாள எண்ணை 110 என்று எழுதவேண்டிய ஓர் இடத்தில் அவசரத்தில் 101 என்று எழுதியிருந்தேன். அதையும் அப்படியே வாசித்தார்.

"அது 110 சார்."

"அவுக தப்பா எழுத மாட்டாகப்பா."

எதிர் மேஜையில் மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டு 110 என்றே போட்டேன். குடோனோடு தொடர்பு கிடைத்துவிட்டது.

ராத்திரிதான் உறைத்தது. வழிக்கெல்லாம் அடையாளம் போடச் சொன்ன மடையன், அந்தத் தாளின் அடியில் என் பெயரைப் போடாமல் கொடுத்திருக்கிறேன்.