வெல்டிங் வைத்த கதவு

அண்ணை,

எழுத்துகள் கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் ஓடுகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் பேனை பிடிக்கிறேன். கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து பழகினேன். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் நானே வாசித்துப் பார்க்கிறேன். வாசிக்க முடிகிறது, அண்ணை. எனக்கே சிரிப்பு வருகிறது.

காலையில் லின்ஃபீல்ட் வீட்டுப் பின்வளவில் ஒரு எலுமிச்சை காலில் மிதிபட்டு நசிந்தது. அந்த மணத்தோடு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

எண்பதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பென்ரோஸில் பழைய கார் உடைக்கும் யார்டில் இருவரும் வேலை செய்தோம். உடைக்க வந்த ஒன்றை நீங்கள் பந்தயத்துக்குக் கேட்டு எடுத்தீர்கள். நீள்வட்டமான சின்னத் தடம். முன்னால் போகிறவனை இடித்துத் தள்ளலாம், சனம் கைதட்டும். ஓடுமுன் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சை வைப்பீர்கள். பக்கத்துக் கார் ஓட்டிய வெள்ளைக்கார இளைஞன் முதலில் சிரித்தான். பிறகு தனக்கும் நாலு கேட்டான்.

"உடைக்கப்போற காருக்குத் தேசிக்காய் எதுக்கண்ணை?"

"கார் உடையட்டும். நான் உடையாமல் இருக்கத்தான்ரா."

கண்ணாடிகளையும் இடது பக்கத்துச் சீட்டையும் கழற்றினோம். இடியில் திறக்காதபடி கதவுகளுக்கு வெல்டிங் வைக்க வேண்டும். வலது கதவுக்கு நீங்களே வைத்தீர்கள். இடது கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டீர்கள்.

"இதை நீ வை. எனக்கு ஏலாது."

காரணம் எனக்குத் தெரியும். ஊரில் நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் உங்கள் தம்பிதான் கொண்டக்டர். கலவரத்தில் காடையர் நடுரோட்டில் மறித்து உங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள். தம்பி இடது கதவுக்கு உள்ளே நின்றார். அது திறக்கவில்லை.

பந்தயத்தில் இன்னொரு விதியும் இருந்தது. கார் நின்றுபோனால், சிவப்புக் கொடி காட்டி எல்லாரும் நிற்கும்வரை பெல்ட்டோடு உள்ளேயே இருக்க வேண்டும். இறங்கினால் பின்னால் வருகிறவன் காணமாட்டான்.

"ஓட எனக்குத் தெரியும். இருக்கத்தான் பழக வேணும்," என்றீர்கள். முதல் தடவை கார் நின்றபோது இருந்தீர்கள். பிறகு இறங்கி வந்தபோது முகம் சிரித்தது.

கடைசி ஓட்டத்தில் ரேடியேட்டர் வெடித்தது. கார் முழுக்க வெள்ளையாக நீராவி. நெருப்பில்லை, அண்ணை. "இருங்கோ அண்ணை, உள்ளுக்கை இருங்கோ" என்று வேலியடியில் நின்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீங்கள் ஜன்னலால் வெளியே வந்தீர்கள். வேலிப் பக்கம் ஓடி வரவில்லை. காரைச் சுற்றிப் போய், சீட்டே இல்லாத இடது பக்கத்தில், அந்தக் கதவை இரண்டு கையாலும் இழுத்தீர்கள். இழுத்துக்கொண்டே இருந்தீர்கள். கொடி ஏறுமுன், எலுமிச்சை கேட்ட அந்த இளைஞனின் கார் நீராவிக்குள்ளால் வந்து உங்களில் மோதியது. நீங்கள் பிறகு எழும்பவில்லை.

அவன் அழுதுகொண்டு என் தோளைப் பிடித்துக் கேட்டான்: ஏன் இறங்கினார், ஏன் அந்தக் கதவுக்குப் போனார்? கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். ஆங்கிலம்தான் இல்லை. "பஸ், பஸ்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போகப் பஸ் கேட்கிறேன் என்று நினைத்து, யாரோ ஒருவர் என்னைத் தன் காரில், அப்போது நான் இருந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பிறகு, ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இளைஞன் தடத்துக்கு வருவதையே விட்டிருந்தான். பயத்தில் உங்களுக்குப் புத்தி தடுமாறியது என்றே அங்கே கதைத்தார்கள்.

இவ்வளவு காலமும் என் வாய்க்குள் கிடந்ததை இன்றைக்குத் தனித் தாளில் எழுதினேன். அண்ணை பயந்து இறங்கவில்லை. தம்பியை இறக்கப் போனார்.

எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு எழுத்தும் பிழையில்லை.

கை நோகிறது. அடுத்த கிழமை, நீங்கள் பெல்ட்டோடு இருந்த நாளை எழுதுகிறேன். என் முதுகில் தட்டி, "பார்த்தியே, இருந்திட்டன்" என்று சொன்ன நாளை.