நூற்றிருபது செபமாலை

வெள்ளி, காலை 9.10
பனி துளைக்கும் வண்டி எண் மூன்று. நிலவின் தென்துருவம், வெயிலே எட்டாத பள்ளத்தின் விளிம்பு. ஓட்டுநர், மெக்கானிக், சமையல் எல்லாம் நானே: சூசை மிக்கேல், ஊர் மணப்பாடு. பதினோரு மீட்டர் துளைத்தும் பனி இல்லை. மதியத்துக்குள் இன்னொரு துளை போட வேண்டும்.

வெள்ளி, நண்பகல் 12.00
விளிம்பு சரிந்து வண்டி பள்ளத்துக்குள் உருண்டுவிட்டது. கணினி எரிந்தது, அதோடு கடிகாரமும் போயிற்று. ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை கோமதி:
"அண்ணே, இப்ப மணி சரியா பன்னெண்டு. நீங்க எங்க கெடக்கீங்கன்னே தெரியல. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்புக் கலம் அந்தப் பக்கம் வரும். ஒரே சுத்துதான், அதுக்கு மேல எரிபொருள் இல்ல. கரெக்டா ஆறுக்கு விளக்கைப் போடுங்க. அதுவரை அசையாம படுத்துக் கெடங்க. காத்து நாப்பத்தஞ்சு மணி நேரம் வரும். எந்திச்சு நடந்தா இருவதுதான்."
விளக்குக்கும் ரேடியோவுக்கும் சேர்த்து பேட்டரியில் பத்து நிமிடம்தான் மிச்சம். அணைத்துவிட்டேன். இந்தக் குளிரில் இன்னொரு தடவைதான் அதற்கு உயிர் வரும், நடுவில் போட்டு மணி கேட்க முடியாது.

செபமாலை 1
அசையாமல் கிட என்று என்னிடம் போய்ச் சொல்கிறார்கள். என் கல்யாணப் பூசையிலேயே இரண்டு தடவை வெளியே போய் வந்தவன் நான்.
நேரம் தெரிய ஒரே வழி, என் மனைவி புஷ்பம் பையில் திணித்துவிட்ட செபமாலை. நான் அதைத் தொட்டதில்லை. ஆனால் தினமும் காதில் விழும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தொடங்குவாள். முடிக்கும்போது சோறு வடிக்கிற பதத்தில் இருக்கும். பதினைந்து நிமிடம், பிசகாது. ஆக மணிக்கு நாலு. முப்பது மணி நேரத்துக்கு நூற்றிருபது. தூங்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு கோடு.

செபமாலை 9
குளிர். முதுகு அரிக்கிறது. மாதாவையும் கம்பெனியையும் ஒரே மூச்சில் திட்டினேன். இது வேண்டுதல் இல்லை, கடிகாரம்.

செபமாலை 41
யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது. பயமாக இல்லை.
சின்ன வயதில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாட்டுக் கட்டுவேன். வேலைக்கு வந்தபின் ஒரு வரிகூட வந்ததில்லை. இன்று வந்தது:
தண்ணியில்லாக் கடலுல
தனிச்சுக் கெடக்கு தோணியே

செபமாலை 78
பத்து மணிகள் உருட்டியதும் பாட்டை மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு அடுத்த பத்து. மூச்சு மிக மெதுவாகிவிட்டது. காற்றும் மிச்சமாகும்.
நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக எனக்கு எங்கும் ஓட வேண்டியதில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன்.

செபமாலை 112
பாட்டு முடிந்தது. எட்டு வரி. புஷ்பத்திடம் நேரில் பாடிக் காட்ட வேண்டும். கடைசி எட்டு செபமாலையையும் ருசித்துச் சொல்லப்போகிறேன்.

செபமாலை 120
ஆறு மணி. விளக்கைப் போட்டேன். ரேடியோவையும். கோமதியின் குரல்:
"அண்ணே, இருக்கீங்களா? நேத்து ஆறு மணிக்கு வந்து பாத்தோம்ணே, வெளிச்சமே வரல. கலம் திரும்பிருச்சு. அடுத்தது வர நாலு நாளாகும். இப்ப ஞாயித்துக்கிழம காலை ஏழு மணி. இவ்ளோ நேரம் ஏண்ணே வெளக்கப் போடல?"

ஞாயிறு
பதின்மூன்று மணி நேரம் தப்பு. கணக்குப் போட்டது புஷ்பத்தின் வேகத்தில். சொன்னது நான்.
கோமதியிடம் காரணம் சொல்லவில்லை. புஷ்பத்திடம் சேர்க்கச் சொல்லிப் பாட்டைச் சொன்னேன். அழுதுகொண்டே எழுதிக்கொண்டாள். ஆறாவது வரியில் பேட்டரி தீர்ந்தது. புஷ்பம் எதையும் அவசரமாகத்தான் பாடுவாள். மெதுவாகப் பாடச் சொல்ல மறந்துவிட்டேன்.
காற்று இன்னும் இரண்டு மணி நேரம் வரும். செபமாலையைத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறேன். இந்த முறை சுவரில் கோடு போடவில்லை.