வலப்பக்கம் சுற்றுகிறவர்கள்

1985 ஆகஸ்ட் 10, சனி

இன்று ஒன்றைக் கவனித்தேன். அதிலிருந்து மண்டைக்குள் வண்டு குடைகிறது.

சாவ் பென்ட்டோ மெட்ரோ நிலையத்துக்குச் சனிக்கிழமை பிரேக் டான்ஸ் ஆட வருகிற குழுக்கள் எல்லாம் தரையில் விழுந்து சுழலும்போது இடப்பக்கமாகத்தான் சுற்றுகின்றன. எங்கள் குளிர்தரைக் குழு மட்டும் வலப்பக்கம். ஒருவன் அப்படி என்றால் பழக்கதோஷம் என்று விடலாம். அத்தனை பேருமா? க்ளாவ்டியோநோர் வலப்பக்கம். ஒடாயிர் வலப்பக்கம். முதுகில் சுற்றினாலும் சரி, காலை விரித்துக்கொண்டு காற்றாலை போட்டாலும் சரி.

'எங்கள்' என்று எழுதிவிட்டேன். நான் குழுவில் இல்லை. அவர்கள் ஆடும்போது பை, சட்டை, ரேடியோ எல்லாவற்றையும் காலடியில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறவள். ஆடுகிறவர்களைச் சுற்றி நிற்கிற வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. க்ளாவ்டியோநோர் 'ஸ்பிரிங்', ஒடாயிர் 'கொசு'. என்னை 'பைக்காரி' என்கிறார்கள். அது பெயரில் சேர்த்தி இல்லை. வட்டத்துக்குள் இறங்கி எதிராளிக்குப் பதில் ஆட்டம் கொடுத்தால்தான் வட்டம் பெயர் வைக்கும். நானாக வைத்துக்கொள்ள முடியாது.

எனக்கு அந்தப் பெயர் வேண்டும். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வலப்பக்கம் ஏன் என்று க்ளாவ்டியோநோரிடமே கேட்டேன். தலைவன் அல்லவா, நிதானமாகத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்மளது ஒரிஜினல்டி. மத்தவனுங்க எல்லாம் ஒருத்தனப் பார்த்து ஒருத்தன் அடிச்ச காப்பி" என்றான்.

அது பதிலா?

ஆகஸ்ட் 14, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் வேலை செய்கிற பொத்தான் கடையின் மாடிப் பின்னறையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு ஆடினேன். அலமாரியில் பொத்தான் பெட்டிகள் குலுங்கின. முதலாளி நாஜிப் கீழே இருந்து, "இவோனெச்சி, எலி ரொம்பப் பெருசோ?" என்று கேட்டார். மிகப் பெரியது என்றேன். அவர் மேலே வரவில்லை. நல்ல மனிதர்.

காற்றாலை வந்துவிட்டது! தோளிலிருந்து தோளுக்கு உருண்டு, கால் தரையைத் தொடாமல். முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்ப் படிக்கட்டுக்கு அடியில் ஆடிப் பார்த்தேன். அந்த இடத்துத் தரைதான் நிலையத்திலேயே வழவழப்பு. அதற்காகத்தான் எல்லாக் குழுக்களும் அடித்துக்கொள்கின்றன.

எழுந்தால் ஒடாயிர் நிற்கிறான். கையில் பாதி கடித்த பஸ்தேல் பலகாரம். எண்ணெய் முழங்கை வரை வழிகிறது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் தலைகீழாப் பண்றியே" என்றான்.

எனக்குத் தெரியவே இல்லை. நான் இடப்பக்கம் சுற்றுகிறேனாம்! யோசித்தால் காரணம் எளிது. அவர்கள் பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொள்ளவில்லை. பைகளோடு எதிரே நின்று பார்த்துப் பார்த்துக் கற்றேன். அவர்களுடைய வலது எனக்கு இடப்பக்கம் தெரிந்தது, நானும் இடது பக்கமே சாய்ந்துவிட்டேன்.

க்ளாவ்டியோநோரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். கொசுவின் வாய் எத்தனை நாள் மூடியிருக்கும்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூடியிருக்கவில்லை. ரயிலில் வைத்து க்ளாவ்டியோநோரிடம் சொல்லிவிட்டானாம். குவாயனாசெஸ் நிலையம் வந்து இறங்கும் வரை க்ளாவ்டியோநோர் சிரித்துக்கொண்டே வந்தானாம்.

அம்மா என் கால்சட்டைக்கு முட்டியில் பழைய பைத்தோலை ஒட்டுப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "முட்டி மட்டும் தனியா எப்படிடி தேயுது? சர்ச்சுக்கும் போறதில்லையே நீ."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

கடையில் குழல்விளக்கு போய்விட்டதென்று நாஜிப் என்னைச் சாந்தா இஃபிஜேனியா தெருவுக்கு அனுப்பினார். வேலை முடிந்து இருட்டுகிற நேரம். அங்கே ஒரு டிவி கடை. க்ளாவ்டியோநோர் அடிக்கடி பெருமையாகச் சொல்கிற கடை அதுதான். போன வருஷம் முழுக்க அவனும் மற்றவர்களும் நடைபாதையில் நின்று, கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே ஓடுகிற டிவியைப் பார்த்துத்தான் பிரேக் கற்றார்கள். உள்ளே போனால் விரட்டுவார்களாம்.

அவர்கள் பார்த்துக் கற்ற அதே பாட்டு வீடியோ இன்றும் ஓடியது. சிவப்புத் தொப்பிக்காரன், அவன் சொன்ன அதே ஆள். தரையில் விழுந்து சுழன்றான். இடப்பக்கமாக!

ஒரிஜினலே இடப்பக்கம்தான். அப்படியானால் நம் ஆட்களுக்கு மட்டும் எப்படி மாறியது? நான் அங்கேயே நின்றேன். ஒருவர் இடித்துவிட்டுத் திட்டினார். பாட்டு திரும்ப வரும்வரை நகரவில்லை. வந்ததும் தொப்பிக்காரன் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன் — சன்னல் கண்ணாடியில் நான் தெரிகிறேன். கடைக்குள் மங்கலாக இருக்க, தெருவிளக்கு என்மேல் விழ, அவன் மேல் என் உருவம் அப்படியே படிந்திருக்கிறது. என் கை அவன் கைமேல் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. அவன் தூக்கியது இடக்கை. நான் தூக்கியது வலக்கை.

இதுதான். வேலை விட்டு வந்து இருட்டிய பிறகு அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, தங்கள் உருவத்தை அவன்மேல் ஒட்டி ஒட்டி அளவு பார்த்திருக்கிறார்கள். அவனோடு அச்சாகப் பொருந்தியது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. ஒரு குழு முழுவதும் பக்கம் மாறிவிட்டது.

நான் அவர்களை எதிரே நின்று பார்த்துத் திரும்ப மாற்றிவிட்டேன். அதாவது — சிரிக்காமல் எழுத முடியவில்லை — மொத்தக் குழுவிலும் தொப்பிக்காரன் ஆடியபடி ஆடுகிற ஒரே ஆள் பைக்காரி.

குழல்விளக்கு வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

நுணலும் தன் வாயால் கெடும். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா? எல்லோரும் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மட்டம்தட்ட நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. இவ்வளவு விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது?

ஒடாயிர் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான். க்ளாவ்டியோநோர் சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்தான்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். நீ பையப் பாரு."

அவ்வளவுதான் சொன்னான். எல்லோரும் எழுந்து போனார்கள். நான் பையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவனுக்கு என்ன வந்துச்சு? நான் என்ன தப்பா சொன்னேன்? கண்ணால பார்த்ததச் சொன்னேன். போய் அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு பார்க்க வேண்டியதுதானே. பயமா? நான் இனிமே போகமாட்டேன். அவனவன் பைய அவனவன் பார்த்துக்கட்டும்.

செப்டம்பர் 7, சனி

சுதந்திர தினம். கடை விடுமுறை. போகவில்லை. நாள் முழுக்க அம்மாவுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தேன். நேரமே போகவில்லை.

செப்டம்பர் 14, சனி

போனேன். ஏன் போனேன்? க்ளாவ்டியோநோர் அந்த டிவி கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்றானா இல்லையா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான்.

நின்றிருக்கிறான். வாயால் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நிற்கும்போது, அவன் தூணுக்குப் பின்னால் தனியாகப் போய் இடப்பக்கம் சுற்றிப் பார்த்தான். ஸ்பிரிங் என்று பெயர் வாங்கியவன் மரக்கட்டையாக விழுந்தான். தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். நான் சட்டென்று ஒரு பையின் ஜிப்பை மிகவும் அக்கறையாக மூடத் தொடங்கினேன்.

பாவமாக இருந்தது. அவன்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

செப்டம்பர் 21, சனி

ஒசாஸ்கோவிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களில் வால்டெசி என்ற நெட்டையன் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்று, நம் ஆட்டத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தான். கைதட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. போகும்போது மட்டும், வருகிற சனிக்கிழமை படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடத்துக்குப் போட்டி என்று சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கம் எல்லோருக்கும் தெரியும். போட்டி முடிந்ததும் பேட்டரி மிச்சமாக ரேடியோவை அணைத்துவிட்டு, நிலையத்துக் குப்பைத்தொட்டியைத் தட்டித்தான் தாளம். பதில் கொடுக்க முடியாமல் நின்றவர்கள் தொட்டி தட்ட வேண்டும், வென்றவர்கள் ஆடுவார்கள். அந்த வழுக்குத் தரையும் அவர்களுக்கே.

அவன் எதைப் பார்த்தான்? நான் பார்த்ததையேதான் பார்த்திருப்பான் என்று தோன்றுகிறது. நம் ஆட்களுக்கு வலப்பக்கம் மட்டும்தான் வரும்.

செப்டம்பர் 28, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். நாளைக்குள் ஒடாயிர் இதற்குக் கை கால் வைத்துவிடுவான்.

க்ளாவ்டியோநோர் முதலில் இறங்கினான். இவ்வளவு நன்றாக அவன் ஆடி நான் பார்த்ததில்லை. காற்றாலையிலிருந்து அப்படியே தலைமேல் நின்று, காலை மடக்கி உறைந்தான். நிலையத்துக் காவலாளிகூட ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தவர், சொல்லாமல் நின்றார்.

பிறகு வால்டெசி. அவன் சொந்த ஆட்டம் ஆடவில்லை. க்ளாவ்டியோநோர் ஆடிய அதே வரிசை, அதே காற்றாலை, அதே உறைதல். ஆனால் எல்லாம் இடப்பக்கம். இதைக் காப்பி என்று யாரும் சொல்ல முடியாது, இது கேலி. எழுந்து, தரையைக் கையால் துடைத்து, 'இப்போது நீ' என்று விரலை நீட்டினான். அதன் அர்த்தம்: உன்னுடையதை நான் அந்தப் பக்கமும் ஆடுவேன், நீ ஆடுவாயா?

ஒடாயிர் தரையைப் பார்த்தான். க்ளாவ்டியோநோரின் முகம் — அவன் இறங்கி விழுவானே தவிர நின்று தோற்கமாட்டான் என்று தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தான்.

நான் என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. தோளில் இருந்த பை, கையில் இருந்த பை, எல்லாவற்றையும் அவன் நெஞ்சில் திணித்தேன். அவன் பிடித்துக்கொண்டான்.

"பையப் பாரு" என்றேன்.

இறங்கிவிட்டேன். தரை சில்லென்று இருந்தது. பின்னறை அட்டைப்பெட்டியைவிட எத்தனை வழுக்கல்! முதல் சுற்றில் தோள் நழுவியது, யாரோ சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் பிடி கிடைத்தது. இடப்பக்கம், இடப்பக்கம், கூரை விளக்குகள் வளையமாக ஓடின. ஆனால் இதே பக்கத்தை வால்டெசி ஆடிவிட்டான். இதோடு நிறுத்தினால் நானும் காப்பிதான். சொந்தமாக ஒன்று வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது? காலை முதல் மாலை வரை பொத்தான் பிரிக்கிற கை இருக்கிறது. ஒற்றைத் தோளில் உறைந்து நின்று, காலை மடித்து, தட்டில் உடைந்த பொத்தானைக் கண்டால் எப்படிச் சுண்டித் தள்ளுவேனோ அப்படிக் கட்டைவிரலில் வைத்து அவனை நோக்கிச் சுண்டினேன்.

வால்டெசி தன்னை அறியாமல் தலையை விலக்கினான். இல்லாத பொத்தானுக்கு!

நிலையமே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு நடந்துபோய்க் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். நல்ல கை அவனுக்கு, தாளம் தப்பவே இல்லை.

ஒடாயிர்தான் முதலில் கத்தினான். "பொத்தான்!" பிறகு எல்லோரும். ஒசாஸ்கோக்காரர்கள்கூட.

பொத்தான். பொத்தான். மூன்றாவது முறையாக எழுதிப் பார்க்கிறேன். பொத்தான்.

க்ளாவ்டியோநோர் ரயில் நிலையம் வரை பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாங்கவா என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எலிக்கு அடிபட்டதா என்று நாஜிப் விசாரித்தார்.

அக்டோபர் 12, சனி

மழை. படிக்கட்டுக்கு அடியில் நல்ல கூட்டம். இரண்டு முறை இறங்கினேன்.

ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனால் தூணுக்குப் பின்னால் க்ளாவ்டியோநோர். தோளில் என் பை, கையில் ஒடாயிரின் சட்டை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எந்தத் தோள் முதல்ல?"

பைகளை இறக்கிச் சுவரோரம் வைக்கச் சொன்னேன். அவனுக்கு எதிரே போய் நிற்கவில்லை. பக்கத்தில், அதே பக்கம் பார்த்து நின்றுகொண்டேன்.