குப்பியைக் கவிழ்த்தேன், கைதட்டினார்கள்

என் உயிர்த்தோழன் கபீருக்கு,

நீ இருந்திருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு பேனர் வைத்தார்கள்டா. 'மருந்து கண்டுபிடித்த காவாந்தண்டலத்துச் சிங்கம்' என்று போட்டிருந்தது. அந்தச் சிங்கம் இன்னும் ஆராய்ச்சியையே முடிக்கவில்லை.

நான் செய்வது அமினோ அமிலத்தில் ஒரு ஜெல். புரதத்தை உடைத்தால் வருமே, அதே அமிலம்தான். புளிப்பு இருக்கும்வரை கெட்டித் தயிர் மாதிரி உறைந்து நிற்கும், புளிப்பு குறைந்தால் கரையும். உள்ளே மருந்தை வைத்தால் இரைப்பையில் விடாமல் பிடித்துக்கொண்டு, குடலுக்குப் போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று நம்புகிறோம். எல்லாம் இதுவரை கண்ணாடிக் குப்பிக்குள்தான். ஒரு எலிகூட இன்னும் தின்று பார்க்கவில்லை.

பாராட்டு விழா மேடையில் அதைச் சொன்னேனா? குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஜெல் விழவில்லை. ஜனம் கைதட்டியது, பொன்னாடை போட்டார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கினால் உன் அம்மா. பக்கத்தில் உன் தம்பி சலீம், விரலெல்லாம் வீங்கி. உனக்கு வந்த அதே மூட்டுவலிடா. உன் வயிற்றைப் புண்ணாக்கி, ரத்தம் கக்க வைத்து, உன்னைக் கொண்டுபோன அதே மாத்திரையைத்தான் அவனும் தின்கிறான்.

"தேவா, வயித்த எரிக்காத மருந்து வச்சிக்கினு கீறியாமே. இவனுக்குக் குடுப்பா. பெரியவன்தான் பூட்டான்."

"அது இன்னும் மருந்தே இல்லம்மா. யாருக்கும் குடுக்கக் கூடாது."

அம்மா என் தோளிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார்கள். "அப்போ இது இன்னாத்துக்குப்பா?"

குத்திக்காட்டவில்லை கபீரு, புரியாமல்தான் கேட்டார்கள். நான் கூனிக் குறுகிப் போனேன். உன்னை நினைத்து இறங்கிய ஆராய்ச்சி, உன் அம்மாவிடமே கையை விரிக்க வைத்ததே. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "ரீலு வுடாதடா" என்றாவது வந்து திட்டித் தொலையேன்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். சலீமைச் சென்னையில் மூட்டு டாக்டரிடம் காட்டலாம், நானே கூட்டிப்போகிறேன், வயிற்று எரிச்சலையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்:

"மருந்து இல்லன்னா போவுது. அவன் போனப்புறம் நீ வூட்டுப் பக்கமே வர்லியேப்பா."



இனி வருவேன். வெறுங்கையோடும் வருவேன்.

சலீமுக்கு அண்ணனாக இருக்கப் பார்க்கும்,
உன் தேவா