நேர்ந்துவிட்ட முடி

1974 ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூத்த பேத்தி மரகதம் டீச்சர் வேலைக்குப் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அவளிடம் படித்த பிள்ளை ஒன்றுகூடக் கணக்கில் தோற்கவில்லை. நடுவன் கோயமுத்தூரில் விவசாயக் காலேஜில் படிக்கிறான். பேச்சுப்போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கியிருக்கிறான். சின்னவன் அதே ஊரில் பாலிடெக்னிக். லேத்து மிசினில் இரும்பைக் கத்தரிக்காய் சீவுவது மாதிரி சீவுகிறானாம். வகுப்பில் இரண்டாவது.

இதையெல்லாம் அடுத்த தோட்டத்துப் பழனாத்தாளிடம் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். "போன மாசமும் சொன்னீங்கக்கா" என்றாள். கிண்ணம் போன மாதம் கிடையாது, அது புதுசு என்றேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு வடகரப்பதியில் இத்தனை பேர் படிக்கிற வீடு எத்தனை இருக்கிறது? சொல்லத்தான் செய்வேன்.

சின்னவனுக்கு அவன் அப்பாரு, என் வீட்டுக்காரர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதனால் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுதுவதும் இல்லை. சின்னவன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11

சின்னவன் நேற்று வந்தான். மலையாள எல்லையில் வேலந்தாவளத்தில் பஸ் மாறி, பொழுதோட வந்து சேர்ந்தான். நாய் குரைத்தது. அவன் சோறு போட்டு வளர்த்த நாய்.

முடி காதை மூடிச் சட்டைக் காலரில் கிடக்கிறது. கால்சட்டை அடியில் அகன்று மண்ணைத் தொடுகிறது. அவன் வீட்டுக்குள் வந்த பிறகு பார்த்தேன், வாசல் கூட்டின மாதிரி இருந்தது.

ரத்தினசாமி சாப்பிட்டு முடிகிற வரைக்கும் பேசவில்லை. என் மகனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், இரண்டாம் தரம் ரசம் கேட்பான். கை கழுவிவிட்டு வந்து கேட்டான்.

"என்றா இது கோலம்? காதைக் காணோம்?"

"இருக்குதுங்கப்பா. உள்ள இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கெழமை சொதந்தர தினம்னு லீவுக்கு வருவீல்ல? இல்ல, வெசாழக்கெழமையா? என்னிக்கோ வா. மாரப்பனை வரச் சொல்லி வெக்கறேன். முடி போகோணும். போகலீன்னா காலேசுக்கு நீ போக வேண்டாம். இங்க ஏர் புடிக்க ஆள் இல்லாமத்தான் கெடக்குது."

சொன்னால் செய்கிறவன். அதனால் மருமகள் கமலாத்தாள் அழுதாள். என்னிடம் வந்து, "அத்தை, நீங்களாச்சும் அவனுக்குச் சொல்லுங்க. மரகதத்தைப் பொண்ணு பாக்க வாறவிய, எந்தப் பொண்ணுங்கன்னு கேப்பாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 12

காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் கேட்டேன். "எதுக்குச் சாமி இது? அப்பன் பேச்சு வாங்கவா?"

"இத்தனை நாளும் கண்ணாடி பாத்தா அப்பா மூஞ்சிதானுங்க தெரிஞ்சுது. இப்பத்தான் அப்பத்தா நான் தெரியறேன்."

அவன் என் கையைப் பிடித்துத் திருப்பினான். "இது என்னதுங்க?"

கோழி. பச்சை குத்துகிறவள் வந்தபோது ஊரில் பெண் பிள்ளைகள் எல்லாம் தேளும் கோலமும் குத்திக்கொண்டார்கள். நான் கோழி கேட்டேன். எனக்குக் கோழி பிடிக்கும். அம்மா அடித்தாள். அடித்தால் பச்சை போகுமா? இப்போது தோல் சுருங்கி, கோழி கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என் கையில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மாரப்பன் பெட்டியோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். இந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு முடி வெட்டின கை. சின்னவன் மாட்டுச்சாலைக்குள் போய் நின்றுகொண்டான். ரத்தினசாமி போனான். பேச்சு ஏறிற்று. கடைசியில் பிள்ளையின் முடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். இருபது வயசுப் பையன். திருப்பி அடிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. இன்றைக்கு இந்த முடி போனால் இவன் இனிமேல் இந்த வீட்டுக்கு வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உடுடா கைய. அது பழநியாண்டவனுக்கு நேந்த முடி."

நான்தான் சொன்னேன்.

முதலில் பெட்டியை மூடியவன் மாரப்பன். "சாமி முடிங்களா? ஏனுங்க கவுண்டரே, முன்னாடியே சொல்றதில்லீங்களா? கத்தி வெச்சிருந்தா என்ற கை என்னத்துக்கு ஆகும்?"

ரத்தினசாமி கையை எடுத்துவிட்டான். "எப்பம்மா நேந்தீங்க?"

"போன வருசம் மஞ்சக்காமாலைல கெடந்தானே, அப்ப."

மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. நேர்ந்துவிட்ட முடியைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஊர் இல்லை இது.

ஆகஸ்ட் 16

நான் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். சின்னவனிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் சாமி பெயரைச் சொல்லிவிட்டேனே. சொன்ன பிறகு அது நேர்த்தியா, இல்லையா?

ஆகஸ்ட் 17

சின்னவன் இரண்டு நாள் சந்தோசமாக இருந்தான். இன்று பஸ் ஏறும்போது நின்றுவிட்டான். "அப்பத்தா, அப்ப மொட்டை அடிக்கோணுமுங்களா?"

இப்போதுதான் உறைத்திருக்கிறது. எனக்கும்தான்.

"தை வரைக்கும் வளரட்டும் போ" என்றேன்.

அக்டோபர் 20

முடி தோளில் விழுகிறது. ஊரில் ஒருத்தரும் கேலி பேசுவதில்லை. பழனாத்தாள் அவனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். தன் மகள் வயிற்றுவலிக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சத்துணியில் காசு முடிந்து அவனிடம் கொடுத்தாள். பஸ்ஸில் மலையாளத்துக் கண்டக்டர், "பழநிக்கோ? இரிக்கு, இரிக்கு" என்று முன்சீட்டில் இடம் போட்டுத் தருகிறானாம். அகலக் கால்சட்டையையும் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதுவும் நேர்த்தியில் சேர்ந்தது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ரத்தினசாமி அந்த முடிக்கு எண்ணெய் வாங்கி வந்தான். நல்ல எண்ணெய். விலை ஜாஸ்தி.

டிசம்பர் 8

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

சின்னவன் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்குச் சொன்னான்: "அப்பா இழுத்தப்பக்கூட அது என்ற முடியாத்தான் இருந்துச்சுங்க அப்பத்தா. இப்ப ஊரு முடி. எல்லாரும் முடியக் கும்புடறாங்க. என்னைய ஒருத்தரும் பாக்கறதில்லை."

"அப்ப வெட்டிப்போடு."

"சாமி முடிய எப்புடிங்க வெட்ட?"

அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும், இவனுக்கும் தெரியும். இருந்தும் பயப்படுகிறான். காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அப்பன் கையால் போயிருக்க வேண்டியதைச் சாமி கையால் பிடுங்கப் பார்க்கிறேனா?

1975 ஜனவரி 30

பழநியில் தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு போகலாம் என்று ரத்தினசாமி நாள் பார்த்துவிட்டான். ஒன்பதாம் தேதி. பொள்ளாச்சி போய் அங்கிருந்து பஸ்.

பிப்ரவரி 8

சின்னவன் வந்துவிட்டான். தலைக்குக் குளித்து, முடியைக் காயவைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"குடுக்க மனசிருக்குதா?"

"இல்லீங்க. ஆனாக் குடுத்துடறேன். இல்லாட்டி நீங்க பொய் சொன்னவியளா ஆயிருவீங்க."

எனக்காகக் கொடுக்கிறானாம். மனசில்லாமல் கொடுக்கிற முடியை வாங்கி ஆண்டவன் என்ன செய்யப்போகிறார்? அவருக்கு முடிக்கு என்ன பஞ்சம்?

பிப்ரவரி 10

நேற்று எழுத முடியவில்லை. திரும்பி வர நேரமாகிவிட்டது.

அடிவாரத்தில் முடி இறக்குகிற கொட்டகை. சீட்டு வாங்க ரத்தினசாமி போனான். வாங்கி வந்து மகனிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். வரிசையில் போய்ப் பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"நேந்தது ஆரு? நானு. அப்ப நாந்தானே குடுக்கோணும்?"

"அவன் முடின்னு சொன்னீங்க!"

"சொன்னேன். அடுத்தவன் தலைய நேர எனக்கு என்ன பாத்தியம்? தப்பாச் சொல்லிப்போட்டேன். ஆண்டவன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அக்கட்டால நில்லு."

கமலாத்தாள், "அத்தை, ஊரு சிரிக்குமுங்க அத்தை" என்று என் தோளைப் பிடித்தாள். முடி இறக்குகிறவர் கத்தியை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். "ஆத்தா, முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். முடிவு பண்ணியாயிற்று, தண்ணி தெளி என்றேன்.

சின்னவன் நடுவில் வந்து, "வேண்டாமுங்க அப்பத்தா, நான் உக்காந்துக்கறேன்" என்றான். பையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு சாமி, உள்ளே தேங்காய் இருக்குது, உருண்டுரும் என்றேன். நின்றான்.

முடி மடியில் விழுந்தது. இத்தனை நரைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பின்னால் பார்க்க முடியாதே. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கத்தி பிடரியில் இறங்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து பார்த்தால் ரத்தினசாமியைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்து நின்றேன். வாழையிலைத் துண்டில் சந்தனம் வாங்கிக்கொண்டு வந்தான். என்னிடம் கொடுக்கவில்லை. அவனே குழைத்து என் தலையில் பூசிவிட்டான். காதுக்குப் பின்னால்கூட விடாமல் பூசினான். பிறகு மகனைப் பார்த்து, "வா, படி ஏறலாம். அப்பத்தா கையப் புடிச்சுக்க" என்றான். முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிழக்கே வெயில் ஏறிவிட்டது. மெதுவாக ஏறினோம்.

பிப்ரவரி 14

பழனாத்தாள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா இது, கல்பாத்தி ஐயமாரு ஊட்டு மொட்டைப் பாட்டியாட்டம்!"

"அவிய உனக்குத் தண்ணி குடுப்பாங்களோ என்னமோ, நான் மோரே தர்றேன், உள்ள வா" என்றேன்.

குடித்துக்கொண்டே தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "அந்தப் பையன் முடி அப்ப சாமி முடி இல்லீங்களா?"

"இல்லை. அவன் முடி."

"நான் கன்னத்துல போட்டுக்கிட்டது?"

"அது உன்ற கன்னம்."

மார்ச் 2

சின்னவன் வந்தான். கமலாத்தாள் முடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ரத்தினசாமி பருத்தி விலை பேசினான். கண்டக்டர் முன்சீட்டைத் தரவில்லையாம். "ஏ ஹிப்பி, பின்னாடி போ" என்றானாம். அதைச் சொல்லும்போது சின்னவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு சந்தோசம்.

ஏப்ரல் 21

வெயில் தாங்கவில்லை. முதலமடைப் பக்கம் மாங்காய் லாரி ஓயாமல் போகிறதாம். எனக்குத் தலையில் மட்டும் வெயில் காலம் தெரியவில்லை. குளித்தால் அந்த நிமிசமே காய்ந்துவிடுகிறது. வாசலில் நின்றால் காற்று உச்சியில் வந்து உட்காருகிறது. சிக்கு இல்லை, ஈரம் இல்லை, சீப்பு இல்லை.

கண்ணாடியில் மண்டையைப் பார்த்தேன். நல்ல வடிவான மண்டை. ஒருத்தரும் சொன்னதில்லை. யாருக்குத் தெரியும்?

மே 5

முடி இரண்டு விரல் கனத்துக்கு வளர்ந்துவிட்டது. மாரப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து பெட்டியைத் திறந்து, ரத்தினசாமியைத் தேடினான்.

"எனக்குத்தான்."

"இன்னொரு நேர்த்திங்களா ஆத்தா?"

"நேர்த்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை. இப்படி இருந்தாச் சொகமா இருக்குது. சும்மா வழி."

மாரப்பன் ரொம்ப நேரம் கத்தியைத் தீட்டினான். சாமிக்கும் இல்லாமல், சாவுக்கும் இல்லாமல் ஒரு பொம்பளைக்கு வழிப்பது இதுதான் முதல் தடவையாம். கை நடுங்குதுங்க என்றான். எனக்கு நடுங்கலையே என்றேன்.

ரத்தினசாமி தோட்டத்திலிருந்து வந்து பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு ரசம் கேட்டான்.

ஜூலை 13

சின்னவன் பரீட்சையில் முதல் வகுப்பு. புனா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ரயில் ஏற்றிவிட எல்லோரும் போனோம். கூட்டத்தில் அவன் தலை தனியாகத் தெரிந்தது. என் தலையும் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 14

சின்னவன் கடிதம் நேற்று வந்தது. ரத்தினசாமி சத்தமாகப் படித்தான். வேலை நன்றாக இருக்கிறது, சப்பாத்தி பழகிவிட்டது. அப்புறம் நடுவில் ஒரு வரி: முடியை வெட்டிவிட்டானாம், ஒட்ட. யாரும் சொல்லவில்லை, அலுத்துவிட்டது, இப்போது மீசை விட்டிருக்கிறேன், தாடை வரைக்கும் வருகிறது என்று எழுதியிருந்தான்.

ரத்தினசாமி நிறுத்திவிட்டான். அந்த வரியை மறுபடியும் படித்தான், மனசுக்குள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு வெட்டினான் அந்த முடிய?"

கமலாத்தாள் என்னைப் பார்த்தாள். நீங்கள் கொடுத்ததெல்லாம் வீண்தானே அத்தை என்கிற மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாக யோசித்தும் பார்த்தேன். தோன்றவில்லை. வெட்டினது அவன்.

பதில் கடிதத்தில் ரத்தினசாமி எழுதி முடித்த பிறகு, கீழே கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி நானே எழுதினேன்:

இங்கே எல்லோரும் சுகம். நேற்றுத்தான் மாரப்பன் வந்து வழித்துவிட்டுப் போனான். கை நடுக்கம் நின்றுவிட்டது. மீசையை நான் பார்க்கவேண்டும். புதுப் போட்டோ ஒன்று எடு. ஸ்டூடியோக்காரன் அப்படித் திரும்பு, இப்படிச் சீவு, கோட்டு மாட்டு என்று சொல்லுவான், கேட்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே உட்கார்ந்து எடுத்து, தபாலில் போடு.