கரடிக்கு நீ கொடுத்த குரல்

போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், செல்வி அக்காவின் போனிலிருந்து நீ பேசினாய்.

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் நாங்கள் நான்கு பெண்கள். மதியம் பின்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். செல்வி அக்காவுக்குப் போனில் ஏதாவது ஓடினால்தான் சாப்பாடு இறங்கும். அன்று ஓடியது ஒரு பழைய கார்ட்டூன். குடை பிடித்த கரடி சோபாவில் சாய்ந்துகொண்டு, "நாங்க எதுவும் எதிர்பாக்கலீங்க" என்றது. தொண்டையை அடைத்துக்கொண்டு நீ பேசும் அதே கரடிக் குரல். தயிர் சாதத்தில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீ இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த ஒரு நொடி எனக்கு அது ஞாபகத்தில் இல்லை.

"ஐயோ, எங்க மாமியார பக்கத்துல ஒக்கார வச்சி எடுத்த மாதிரியே இருக்குடி!" என்று செல்வி அக்கா சிரித்ததில் புரையேறிவிட்டது. "யாரு பண்ணதுன்னு தெரியலியே. கைல கெடச்சா ஒரு வளையலே போடலாம்." வீடியோவின் தலையில் 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தது. நான் தண்ணீர் குடித்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

மாலை வரை என்னைக் குடைந்தது வேறொரு கேள்வி. அந்த வீடியோ இந்த உலகத்தில் கால் மணி நேரம்தான் இருந்தது. ஒரே ஒரு வாட்ஸ்அப் குழுவில். அப்புறம் நீ அழித்தாய், உன் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். அப்படியானால் அன்றைக்கு உன்மேல் கோபப்பட்டவர்களில் யாரோ ஒருவர் அதை எடுத்து வைத்திருக்கிறார். யார்? எதற்காக?

உங்கள் வீட்டு டிவியில் சத்தம் போனது நாம் மூன்றாவது படிக்கும்போது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரே வீட்டுக்காரரின் நான்கு குடித்தன வரிசையில், டிவி இருந்தது உங்கள் வீட்டில் மட்டும். "படம் தெரியுதுல்ல, அப்பறம் என்னா?" என்று உன் அப்பா ஐந்து வருடம் அதைப் பழுது பார்க்கவில்லை. சாயங்காலம் நாலரைக்கு அந்தக் கரடி வரும். அதன் மரத்தில் குடியிருக்கும் மூன்று அணில்களைக் கிளப்பிவிட தினமும் ஒரு திட்டம் போடும். வாய் அசையும், சத்தம் வராது. உன்னால் சும்மா இருக்க முடியாது. கரடி வாய் திறக்கும்போதெல்லாம் நீ 'ஆ', 'ஊ' என்று கத்துவாய்.

ஒரு நாள் நான் பின்னாலிருந்து உன் காதில், "ஆறு மணிக்கு மேல தண்ணி கெடையாது" என்று கிசுகிசுத்தேன். மோட்டார் சுவிட்சை அணைக்கும்போது நம் வீட்டுக்காரர் தினமும் சொல்வது அது. நீ அதைக் கரடியின் வாயில் போட்டாய். சமையலறையில் உன் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அதன் பிறகு அதுவே நம் வேலை முறையாகிவிட்டது. நான் பின்னால், நீ முன்னால். நான் கரடியின் வாயைப் பார்த்துச் சொல்வேன், அரை நொடி கழித்து நீ பேசுவாய். வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே எனக்குக் குரல் வராது. நீ அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "நீ சொல்லு, நான் கத்துறேன்" என்றாய், அவ்வளவுதான்.

தெருவில் ஒவ்வொருவராக வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரரே வாசலில் வந்து நின்றார். நாம் பாதியில் நிறுத்திவிட்டோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கரடி என்னா சொல்லுது?" என்றார்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன். நீ பேசினாய்: "மாடில துணி காயப்போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது, அணிலு!"

அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" மறுநாளும் தண்ணீர் ஆறு மணிக்கே நின்றது. ஆனால் சுவிட்சை அணைக்கும் முன், "கரடி வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அணைத்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் ஏன் கோபித்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஒரு ஆச்சரியம். நாம் குழந்தைகள் என்பதாலா? அறையில் இருந்த எல்லோரும் சிரித்ததாலா?

நான்கு வருடங்களுக்கு முன் உன்னைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். நீ பிளஸ் டூவோடு நின்று செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல், அந்தத் தெருவிலும் நான்தான் முதல். "படிச்ச புள்ள பக்கத்துல நிக்கட்டும்" என்று உன் அம்மா என்னை உன்னோடு நிறுத்தினார். பேச்சை நடத்தியது மாப்பிள்ளையின் பெரியம்மா. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க எதுவும் எதிர்பாக்கலீங்க. ஒங்க பொண்ணுக்கு நீங்க ஆசப்பட்டத செய்யுங்க. என்னா, எங்க வீட்டு மாடிப்படி கொஞ்சம் குறுகலு. பெரிய பிரிட்ஜு ஏறாது. அதனால பாத்து நடுத்தரமா வாங்குங்க."

உன் அப்பா தலையாட்டினார். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே வெடித்திருப்போம்.

மறுநாள் அந்தப் பழைய கரடியை இணையத்தில் தேடிப் பிடித்தோம். கரடி தன் குடும்பத்தோடு அணில் வீட்டுக்கு விருந்துக்கு வரும் காட்சி. நான் காலண்டர் தாளின் பின்பக்கம் வசனம் எழுதினேன். பெரியம்மா சொன்னதை அப்படியே கரடிக்குக் கொடுத்தேன். அதற்கு அணில் கைகட்டிக்கொண்டு, "அதுக்கென்னங்க, ஒங்க மாடிப்படிய இடிச்சிட்டு அகலமா கட்டிக் குடுத்துடறோம்" என்று சொல்லும். உன் போனில் இடமில்லை என்று உன் அம்மாவின் போனில் பதிவு செய்தோம். யாருக்கும் அனுப்புவதற்காக இல்லை. நாம் இரண்டு பேரும் பார்ப்பதற்கு.

உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் பார்த்துப் பழகியதில், உன் அம்மா போனிலும் ஒலியை வைப்பதே இல்லை. மறுநாள் காலை அவர் கண்ணில் பட்டது கரடிக் குடும்பமும் மூன்று அணில்களும் சேர்ந்து விருந்து சாப்பிடும் அழகான படம். மகள் செய்தது வேறு. பெண் பார்த்த அன்றே சம்பந்தி வீட்டார் ஆரம்பித்திருந்த கல்யாணக் குழுவில், ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற வரியும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

கால் மணி நேரத்தில் நீ பார்த்து அழித்தாய், அதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பெரியம்மாவுக்குக் கடும் கோபம் என்று பத்து மணிக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. மாலையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நின்றோம். உன் தாய்மாமாதான் கேட்டார்.

"குரல் ஒன்னுது, அது தெரியுது. எழுதிக் குடுத்தது யாரு? நீயா இப்படில்லாம் யோசிக்கிறவ?" சொல்லிக்கொண்டே அவர் கண் என் பக்கம் வந்தது.

நான் தரையைப் பார்த்தேன். பிறகு உன் குரல்தான் கேட்டது. "நான்தான் மாமா. எல்லாமே நான்தான்."

சம்பந்தம் நின்றுபோனது. அதோடு விடவில்லை. அடுத்து விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், 'பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி' என்று யாரோ சொல்லி வைத்தார்கள். உன் அப்பா மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. நான் அதே தெருவில் 'படிச்ச புள்ள'யாகவே நடந்து போனேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் கேட்டேன், "ஏன்டி என் பேரச் சொல்லல?" நீ பொரிகடலையை மென்றுகொண்டே, "சொன்னா ரெண்டு பேருக்கும் திட்டு. ஒருத்தி வாங்குனா போதும்ல" என்றாய். பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. கரடியையும் தொடவில்லை. பிறகு நீ ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

செல்வி அக்காவிடம் அந்த வீடியோவை யார் அனுப்பியது என்று கேட்கவே எனக்கு ஒரு நாள் ஆனது. மங்கலம்பேட்டையில் இருக்கும் அவருடைய நாத்தனார் என்றார். நாத்தனாருக்கு போன் செய்யும் முன், பேசவேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். அவருக்கு அனுப்பியது சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கும் தோழி. தையல்கார அக்கா எண்ணைக்கூடத் தேடவில்லை. "நம்ம கடைக்கு ஜாக்கெட் தைக்க வருவாங்களே, வடக்கு வீதி அம்மா, அவுங்கதான் காட்டி, எனக்கும் அனுப்புனாங்க. காட்டிட்டு அவுங்களே உழுந்து உழுந்து சிரிச்சாங்க" என்றார். அடையாளம் சொன்னார். அது மாப்பிள்ளையின் பெரியம்மா.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வடக்கு வீதிக்கு நடந்தே போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. கடலூர், பெண் பார்த்தது என்றதும் தெரிந்துகொண்டார்.

"அந்த வீடியோவ நீங்கதான் அனுப்புனீங்களா?"

"ஆமா, நான்தான். என்னா இப்ப?"

"அன்னிக்கி ரொம்பக் கோவப்பட்டீங்களே?"

அவர் ஒரு காம்பை உருவிப் போட்டார். "கோவமா? காலைல பால் காய்ச்சிக்கிட்டே தனியா பாத்தேன். பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்புல பால் பொங்கி ஊத்திடுச்சி. ஒடனே எடுத்து வச்சிக்கிட்டேன். அப்பறம் குரூப்புல ஒவ்வொருத்தரா, 'என்னா திமிரு', 'பெரியம்மாவ அவமானப்படுத்திட்டாங்க'ன்னு போட ஆரம்பிச்சாங்க. எனக்காக எல்லாரும் கோவப்படும்போது, நான் மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

"இப்ப ஏன் அனுப்புனீங்க?"

"எம் பேத்திய பாக்க வந்தாங்க போன மாசம். 'நாங்க ஒண்ணும் கேக்கல, எங்க தெரு சின்னது, காரு திரும்பாது, வண்டியே போதும்'னான் ஒருத்தன். என்னால உள்ள ஒக்கார முடியல. இந்தக் கரடிதான் ஞாபகம் வந்துச்சு. எம் பொண்ணுக்கு அனுப்புனேன், அவ ஊருக்கே அனுப்பிட்டா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எதுக்குக் கேக்குற?"

தாளில் எதுவும் எழுதிக்கொண்டு போயிருக்கவில்லை. "எழுதுனது நான்" என்றேன்.

"நீயா? மாடிப்படி, பிரிட்ஜு எல்லாம் நான் சொன்னதுதான? நீ என்னாத்த எழுதுன?"

"இடிச்சிக் கட்டித் தர்றோம்னு அணிலு சொல்றது மட்டும் நானுங்க."

அவர் மடியிலிருந்த கீரை சிதறும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, "அந்தப் பொண்ணு எப்படி இருக்குது? எங்க குடுத்திருக்காங்க?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். அவர் வெகுநேரம் வெறுங்காம்பையே உருவிக்கொண்டிருந்தார்.

ஆக, யார் என்பது தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் பற்றிய என் பழைய ஆச்சரியத்துக்கும் பாதி விடை கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, உன்னை அந்தக் கூடத்தில் தனியாக நிற்க வைத்தது பெரியம்மா இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. அவரிடம் ஒப்புக்கொண்டது சுலபமாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். கடைசியாக எப்போது கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வீடியோவைக் காட்டினேன். அவர் அதை அதுவரை ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. முழுவதும் கேட்டார். கடைசியில் நீ அடக்க முடியாமல் சிரிப்பது வருமே, அந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த, இத எழுதுனது நான். அவ இல்ல."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. 'எனக்கு அப்பவே தெரியும்' என்றும் சொல்லவில்லை. அதைத்தான் சொல்வார் என்று நான் உள்ளூர நம்பிப் போயிருந்தேன்.

"அப்ப அன்னிக்கி ஏன்டி சும்மா நின்ன?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் போனைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"யோசிச்சி சொல்லு" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம வா. எனக்கு அது தெரியணும்."

இந்த மூன்று நாளில் நாலைந்து பதில்கள் எழுதிப் பார்த்தேன். பயம் என்று ஒன்று. 'படிச்ச புள்ள' என்ற பெயர் போய்விடுமே என்று ஒன்று. என் கூச்சத்தின்மேல் பழியைப் போட்டு ஒன்று. எல்லாமே நன்றாக எழுதப்பட்டிருந்தன. அதனாலேயே கிழித்துவிட்டேன். நீ இருந்தால் இதில் ஒன்றை வாங்கி, எனக்குப் பதிலாக அழகாகப் பேசிவிட்டு வந்திருப்பாய்.

இந்தமுறை தாள் இல்லாமல் போகப் போகிறேன். அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வயதில், என் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆவலாக இருக்கிறது.